மின்மறிப்புப் பொருத்தமும் ஒலி மின்மாற்றியும்

விழாக் கூடத்தில் அமர்ந்திருப்போர் ஒலிபெருக்கியைப் பற்றி இரண்டே செய்திகளைக் கூறுவர், ஒன்று, கேட்கிறது, மற்றொன்று, கேட்கவில்லை. கேட்கிறது, ஆனால் சொல் விளங்கவில்லை என்னும் மூன்றாவது நிலையும் ஒன்று உண்டு. அதனை நான் முதன்முதலாக உணர்ந்தது ஓர் இலக்கிய விழாவில். அன்று உரையாற்றிய முதுபெரும் அறிஞர், லகர ளகர ழகரங்களைப் பிசகாமல் ஒலிப்பதில் பெயர் பெற்றவர். முன்வரிசையினர் அவர் குரலை நேரே கேட்டுத் திளைத்தனர். பின்புறம் நின்ற எங்களுக்கோ வாழை வாளையாயிற்று, வாளை வாலையாயிற்று. ஒலியமைப்பாளர் ஒலியைக் கூட்டினார். இரைச்சல் கூடிற்று, தெளிவு கூடவில்லை. "ஐயாவுக்கு வயதாகிவிட்டது, நாத் தளர்ந்துவிட்டது" என்று அருகில் நின்ற ஒருவர் இரக்கத்தோடு கூறினார். அவர் கூறியது பிழை. நா தளரவில்லை. ஒலிவாங்கிக்கும் பெருக்கிக்கும் இடையே 30 மீட்டர் நீளத்திற்குக் கிடந்த கம்பியே அந்த ழகரத்தை விழுங்கியது. தீப்பெட்டியளவேயான ஒரு மின்மாற்றி உரிய இடத்தில் இருந்திருக்குமானால் அறிஞருக்கு அந்தப் பழி நேர்ந்திராது.

ஒலி மின்மாற்றி வாங்கச் செல்வோர் அதன் விலையைக் கேட்கின்றனர். அதன் மேல் எழுதப்பட்டுள்ள எண்களின் பொருளைக் கேட்போர் சிலரே. 'ஐயாயிரத்துக்கு எட்டு', 'அறுநூறுக்கு அறுநூறு' என்று கடைக்காரர் மந்திரம்போல் ஒப்பிப்பார், வாங்குவோரும் தலையசைப்பர். எந்த மின்சுற்றுக்கு எந்த மின்மாற்றி பொருந்தும், ஏன் பொருந்தும் என்பதைத் தமிழ் பயிலும் மாணவரும் விளங்கிக்கொள்ளுமாறு ஈண்டுக் கூற முயல்கிறேன். சிறிது கணக்கு வரும். வகுத்தலும் வர்க்கமூலமும் அறிந்திருந்தால் போதும்.

மின்மறிப்பு என்பது யாது?

நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும் பண்பு மின்தடை எனப்படும். பேச்சும் இசையும் மின்னலைகளாகக் கம்பியில் செல்லும்போது அவை மாறுமின்னோட்டமாகவே செல்கின்றன. அப்போது மின்தடையுடன் சுருள்களும் மின்தேக்கிகளும் தரும் எதிர்ப்பும் சேர்கிறது. இவற்றின் கூட்டு விளைவே மின்மறிப்பு. பாடநூல்கள் சில இதனை 'மின்எதிர்ப்பு' என்று வழங்குகின்றன. பழுது பார்ப்போர் 'இம்பிடன்ஸ்' என்றே கூறுவர். ஆங்கிலச் சொல்லை 1886 ஆம் ஆண்டில் ஆக்கித் தந்தவர் ஆலிவர் ஹெவிசைடு என்னும் ஆங்கிலேய அறிஞர். இதன் அலகும் ஓம் என்பதே. அதனாலேயே பலர் மின்தடைமானியை வைத்து மின்மறிப்பை அளக்க முற்பட்டு ஏமாறுகின்றனர். 8 ஓம் என்று குறிக்கப்பட்ட ஒலிபெருக்கி, மானியில் ஏறத்தாழ 6 ஓம் காட்டும். 5000 ஓம் என்று குறிக்கப்பட்ட மின்மாற்றிச் சுருளோ சில நூறு ஓம்களே காட்டும். இரண்டிலும் பழுதில்லை, மானி அளப்பது கம்பியின் மின்தடையை மட்டுமே.

கடப்பாரையும் மின்மாற்றியும்

பெரும் பாறையைப் பெயர்ப்பவன் கடப்பாரையின் நீண்ட முனையைப் பற்றி நெடுந்தூரம் கீழே அழுத்துகிறான். மறுமுனை சிறிதளவே உயர்கிறது. ஆனால் அதன் விசை பன்மடங்காகிறது. உழைப்பு கூடவுமில்லை, குறையவுமில்லை. அதன் வடிவம் மட்டுமே மாறியது. மின்மாற்றியும் இத்தகையதே. 1831 ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே இரும்பு வளையமொன்றின் இருபுறமும் கம்பி சுற்றிக் கண்ட மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. முதன்மைச் சுருளில் 25 சுற்றுக்குத் துணைச் சுருளில் 1 சுற்று என்னும் விகிதத்தில் கம்பி சுற்றப்பட்டால், மின்னழுத்தம் 25இல் ஒரு பங்காகக் குறையும். மின்னோட்டம் 25 மடங்காக உயரும்.

மின்மறிப்பு என்பது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து வருவது. மேலுள்ள எண் 25 மடங்கு குறைய, கீழுள்ள எண் 25 மடங்கு கூடினால், ஈவு 625 மடங்கு குறையும். எனவே மின்மறிப்பின் விகிதம் சுற்று விகிதத்தின் வர்க்கமாகும். இந்தத் துறையில் மனப்பாடம் செய்ய வேண்டியது இது ஒன்றே என்பது என் எண்ணம். மற்றவை எல்லாம் இதிலிருந்து தாமே வரும்.

வால்வு வானொலியின் வெளியீட்டு மின்மாற்றியைக் கொண்டு இதனைச் சோதித்துப் பார்க்கலாம். '6 வி 6' என்னும் புகழ்பெற்ற வால்வு 250 வோல்ட்டில் இயங்கும்போது 5000 ஓம் சுமையை விரும்பும், அப்போது 4.5 வாட் ஒலியாற்றலைத் தரும். ஒலிபெருக்கியோ 8 ஓம். 5000ஐ 8ஆல் வகுத்தால் 625. அதன் வர்க்கமூலம் 25. ஆகவே 25க்கு 1 என்னும் சுற்று விகிதமுள்ள மின்மாற்றியே வேண்டும். முதன்மைச் சுருளில் 150 வோல்ட்டும் 30 மில்லி ஆம்பியரும் செல்ல, துணைச் சுருளில் 6 வோல்ட்டும் 750 மில்லி ஆம்பியரும் வெளிப்படும். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், இருபுறமும் 4.5 வாட்டே வரும்.

மின்மாற்றியின்றி அந்த ஒலிபெருக்கியை வால்வின் சுற்றில் நேரே இணைத்தால் என்ன நிகழும்? அதே 30 மில்லி ஆம்பியர் 8 ஓம் வழியே ஓடும். கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 7 மில்லிவாட். 4500 கிடைக்க வேண்டிய இடத்தில் 7. வால்வு தன் முழு ஆற்றலையும் வைத்துக்கொண்டு, கொடுக்க வழியறியாமல் சூடேறிக்கொண்டிருக்கும்.

மேலே எழுதியுள்ள எண்கள்

இனி, பெரும்பாலோர் தவறிழைக்கும் இடத்திற்கு வருவோம். '5000 : 8' என்று எழுதப்பட்ட மின்மாற்றிக்குத் தனக்கென 5000 ஓம் மின்மறிப்பு கிடையாது. துணைப்புறத்தில் 8 ஓம் சுமையை இணைத்தால் முதன்மைப்புறத்தில் அது 5000 ஓமாகத் தோன்றும் என்பதே அதன் பொருள். 4 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால் 2500 ஓமாகத் தோன்றும். 16 ஓமை இணைத்தால் 10,000 ஓம். மின்மாற்றி ஒரு கண்ணாடி போன்றது. எதிரே நிற்பதைப் பெருக்கிக் காட்டுமேயன்றித் தானாக எதையும் காட்டாது.

அவ்வாறாயின் '1000 : 1.6' என்று எழுதினாலும் விகிதம் 625தானே, அதனை வாங்கி 8 ஓமுடன் இணைத்துக் கொள்ளலாமா என்று கூர்மையான மாணவர் கேட்பர். விகிதம் பொருந்தும், ஆயினும் கூடாது. குறைந்த அதிர்வெண்களில் முதன்மைச் சுருளின் தன்மின்தூண்டல் போதிய அளவு இல்லாவிடில், மின்னோட்டம் ஒலிபெருக்கியை அடையாமல் சுருளின் வழியாகவே குறுக்கே சென்றுவிடும். 5000 ஓம் சுமைக்கு 50 ஹெர்ட்ஸ் வரை ஒலி குன்றாதிருக்க ஏறத்தாழ 16 ஹென்றி தூண்டல் வேண்டும். 1000 ஓமுக்கென்று சுற்றப்பட்டதில் அதன் ஐந்தில் ஒரு பங்கே இருக்கக்கூடும். மத்தளத்தின் அடிநாதம் மறைந்து, ஒலி தகர டப்பாவில் பேசுவதுபோல் ஆகும். ஆகவே விகிதத்தோடு அளவும் பொருந்த வேண்டும். சமிக்ஞை வரும் மூலத்தின் மின்மறிப்பை ஒட்டியதாக முதன்மைச் சுருள் அமைய வேண்டும்.

பருமனைப் பற்றியும் ஒரு சொல். ஒரே மின்னழுத்தத்தில் அதிர்வெண் பாதியானால் இரும்பு உள்ளகத்தின் காந்தப் பாயம் இரட்டிப்பாகும். உள்ளகம் தெவிட்டு நிலையை அடைந்ததும் ஒலி சிதைந்து கரகரக்கும். பேச்சுக்கு மட்டும் என்றால் சிறிய உள்ளகம் போதும்; இசையின் தாழ்ந்த நாதங்களும் வேண்டுமென்றால் கனமான உள்ளகமே வேண்டும். எடையைக் கையில் தூக்கிப் பார்த்து மின்மாற்றி வாங்கும் பழைய பழுதுபார்ப்போரை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஒற்றை வால்வுச் சுற்றில் நேர்மின்னோட்டமும் சுருள் வழியே ஓடுவதால் உள்ளகத்தில் சிறு காற்றிடைவெளி விடப்பட்டிருக்கும். இரு வால்வுகள் மாறி மாறி இயங்கும் அமைப்பில் இரு நேர்மின்னோட்டங்களின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் இடைவெளி தேவையில்லை. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் பயன்படுத்தலாகாது.

பொருத்தம் என்றால் சமம் அன்று

மூலத்தின் மின்தடையும் சுமையின் மின்தடையும் சமமாகும்போது மிகுதியான ஆற்றல் கைமாறும் என்பது யாக்கோபி என்பார் பெயரால் வழங்கும் 19ஆம் நூற்றாண்டின் விதி. இதனைப் படித்த மாணவர், எங்கும் எதிலும் இரண்டையும் சமமாக்க முனைவர். அது தேவையற்றது, பல இடங்களில் தீங்கும் ஆகும். சமமாக்கினால் பாதி ஆற்றல் மூலத்திலேயே வெப்பமாகும். மின்னழுத்தமும் பாதியாகும். மின்சார நிலையம் அவ்வாறு இயங்கினால் ஊருக்கு விளக்கெரியும் அளவு மின்சாரம் நிலையத்தையே எரித்துக்கொண்டிருக்கும்.

ஒலிவாங்கியிலிருந்து நாம் வேண்டுவது ஆற்றலை அன்று, மின்னழுத்தத்தை. ஆகவே 200 ஓம் ஒலிவாங்கிக்கு அதனைப்போல் பத்து மடங்கு, அதாவது 2000 ஓம் அளவுள்ள உள்ளீட்டைத் தருவதே இன்றைய வழக்கம். அப்போது மின்னழுத்தத்தில் பதினொன்றில் ஒரு பங்கே இழக்கப்படும். 600 ஓமுக்கு 600 ஓம் என்று சமமாக்கும் மரபு நெடுந்தொலைவுக் கம்பிகளைக் கையாண்ட தொலைபேசித் துறையிலிருந்து வந்தது. ஒலிக்கூடங்கள் பல அதனை நெடுங்காலம் வழக்கமாகப் பின்பற்றின. இரு கருவிகளின் நிலத்தொடர்பு வேறுபாட்டால் எழும் 'ஊம்' என்னும் முரல் ஒலியை நீக்க, ஒன்றுக்கு ஒன்று மின்மாற்றியை இடையில் வைப்பது இன்றும் நல்ல மருந்து. அங்கே அதன் வேலை பொருத்துவதன்று, பிரிப்பது.

ழகரத்தை விழுங்கிய கம்பி

தொடக்கத்தில் கூறிய விழாவுக்குத் திரும்புவோம். அன்று பயன்பட்டது 50,000 ஓம் மின்மறிப்புள்ள மலிவான ஒலிவாங்கி. மறைப்பு வலை போர்த்திய ஒலிவாங்கிக் கம்பி ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் மின்தேக்குத்திறன் உடையது. 30 மீட்டருக்கு 3000 பிக்கோஃபாரட். 50,000 ஓமும் 3000 பிக்கோஃபாரடும் சேர்ந்தால் ஏறத்தாழ 1060 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் படிப்படியாகத் தேயும். 4000 ஹெர்ட்ஸை எட்டும்போது கால் பங்கு மின்னழுத்தமே எஞ்சும்.

இதன் விளைவை மொழி பயில்வோர் எளிதில் உணர்வர். உயிரொலிகளின் வலிமையிற் பெரும்பகுதி 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது. அதனால் குரல் உரக்கக் கேட்கும். லகரத்தையும் ளகரத்தையும் ழகரத்தையும் வேறுபடுத்திக் காட்டும் நுண்மைகளோ பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளன. சகரம் போன்ற உரசொலிகளின் அடையாளம் 2000க்கும் மேலே. ஒலி உண்டு, எழுத்து இல்லை என்று பின்வரிசை தவித்தது இதனால்தான். ஒலியைக் கூட்டியபோது கூடியது உயிரொலியும் இரைச்சலுமே.

இப்போது 200 ஓம் ஒலிவாங்கியை அதே கம்பியில் இணைத்தால் தேய்வு 2,65,000 ஹெர்ட்ஸுக்கு அருகிலேதான் தொடங்கும். அது நம் செவிக்கு எட்டாத உயரம். ஆயின் அதன் மின்னழுத்தம் மிகக் குறைவு. பேச்சின்போது 2 மில்லிவோல்ட் என்று கொள்வோம். கம்பியின் மறுமுனையில், பெருக்கியின் வாயிலில், 1க்கு 10 மின்மாற்றியை வைக்கிறோம். பெருக்கியின் உள்ளீடு 2,00,000 ஓம் எனில், பத்தின் வர்க்கமாகிய நூறால் வகுபட்டு, ஒலிவாங்கிக்கு அது 2000 ஓமாகத் தோன்றும். முன் கூறிய பத்து மடங்கு விதி நிறைவேறுகிறது. பெருக்கிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 18 மில்லிவோல்ட். அடுத்த ஆண்டு விழாவில் இவ்வாறே செய்தோம். அதே அறிஞர் வந்தார். ஓராண்டு முதுமை கூடியிருந்தது. வாழை வாழையாகவே கேட்டது.

மின்மாற்றியை மேடையில், ஒலிவாங்கியின் அடியில் வைக்கலாகாதா எனின், கூடாது. அவ்வாறு வைத்தால் அதன் துணைப்புறம் 20,000 ஓம் மூலமாக மாறிவிடும். நீண்ட கம்பி மீண்டும் ழகரத்தை உண்ணத் தொடங்கும். விகிதத்தை 1க்கு 50 என்று உயர்த்தும் பேராசையும் வேண்டா. பெருக்கியின் சுமை ஒலிவாங்கியை நசுக்கும். சுருள்களின் உள் மின்தேக்குத்திறன் உயர்ந்த நாதங்களை உறிஞ்சும்.

இம்மின்மாற்றியில் மற்றொரு நலமும் உண்டு. ஒலிவாங்கியிலிருந்து வரும் இரு கம்பிகளிலும் அருகிலுள்ள மின்கம்பியின் முரல் ஒருசேரப் புகும். மின்மாற்றியோ இரு கம்பிகளுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே அறியும். பொதுவாக வருவதை ஏற்காது. இதன் உள்ளகம் நிக்கல் மிகுந்த உலோகக் கலவையால் ஆனது. அதே இனத்து உலோகப் பெட்டியால் மூடப்பட்டிருந்தால் சிறப்பு. மின்தடைமானியால் இதன் சுருளைச் சோதிப்பதைத் தவிர்க்க வேண்டும். மானியின் நேர்மின்னோட்டம் மெல்லிய உள்ளகத்தைக் காந்தமாக்கிவிடக்கூடும்.

நூறு வோல்ட் இணைப்பு

கூட்டங்களில் கம்பந்தோறும் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கிகளின் பின்னே சிறு மின்மாற்றி பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். அது ஏன்? 200 மீட்டர் தொலைவிலுள்ள 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி இழுத்தால், போக வர 400 மீட்டர். அதன் மின்தடை ஏறத்தாழ 7 ஓம். அனுப்பும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கம்பியிலேயே தீரும். பெருக்கியின் முனையில் மின்னழுத்தத்தை 100 வோல்ட் வரை உயர்த்தி அனுப்பி, ஒலிபெருக்கியின் அருகே மின்மாற்றியால் தாழ்த்திக்கொண்டால் இழப்பு சுருங்கும். 100 வாட் பெருக்கிக்கு 100 வோல்ட்டில் மொத்தச் சுமை 100 ஓம். அதில் 7 ஓம் கம்பியின் இழப்பு ஆறேழு விழுக்காடே. மின்வாரியம் உயரழுத்தத்தில் மின்சாரம் அனுப்புவதும் இதே காரணத்தாலன்றோ?

இம்முறையில் ஓம் கணக்கை மறந்துவிடலாம். மின்மாற்றியின் முனைகளில் 5, 10, 20 வாட் என்று குறிக்கப்பட்டிருக்கும். எல்லா ஒலிபெருக்கிகளுக்கும் தெரிவு செய்த வாட்டுகளின் கூட்டுத்தொகை பெருக்கியின் திறனை மீறாதிருந்தால் போதும். 10 வாட் முனை என்பது 1000 ஓம். அத்தகைய பத்து இணைந்தால் 100 ஓம். இவ்வளவு எளிய கணக்கையும் பொருட்படுத்தாமல், தெருமுனைக் கூட்டமொன்றில் எட்டுக் கூம்புகளையும் 20 வாட் முனையில் கட்டி, 100 வாட் பெருக்கியிடம் 160 வாட் கேட்டதை நான் கண்டிருக்கிறேன். பேச்சாளர் உணர்ச்சியின் உச்சத்தை எட்டியபோது பெருக்கி புகைந்தது. அதனினும் கொடிது, மின்மாற்றி இல்லாத 8 ஓம் ஒலிபெருக்கியை 100 வோல்ட் இணைப்பில் நேரே மாட்டுவது. அது கேட்கும் ஆற்றல் 1250 வாட்.

திரான்சிஸ்டர் பெருக்கி, சுமை மிகக் குறைந்த ஓம் ஆகும்போது கெடும். வால்வுப் பெருக்கியின் இயல்போ இதற்கு மாறானது. சுமையே இல்லாமல் அதனை முழக்கினால் முதன்மைச் சுருளில் மின்னழுத்தம் கட்டின்றி உயர்ந்து, சுருளின் காப்புறை துளைபடும். ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு வால்வுப் பெருக்கியைச் சோதிப்போர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். வீட்டு ஒலிக்கருவிகளில் வெளியீட்டு மின்மாற்றி மறைந்து நெடுநாளாயிற்று. கிட்டார் கலைஞர்கள் விரும்பும் வால்வுப் பெருக்கிகளிலும், நூறு வோல்ட் இணைப்பிலும், ஒலிக்கூடங்களிலும் அது இன்றும் வாழ்கிறது.

பெயரில்லா மின்மாற்றி

பழைய பொருட் கடைகளில் எண் அழிந்த வெளியீட்டு மின்மாற்றிகள் கிடைக்கும். அவற்றின் விகிதத்தை அறிவது எளிது. தடித்த கம்பியுள்ள சுருளே ஒலிபெருக்கிக்கு உரியது. அதில், மின்வழங்கியிலிருந்து பிரிக்கப்பட்ட சிறிய மின்மாற்றி ஒன்றின் வழியாக 1 வோல்ட் மாறுமின்னழுத்தத்தைக் கொடுத்து, மறுபுறம் எவ்வளவு தோன்றுகிறது என்று அளக்க வேண்டும். 25 வோல்ட் தோன்றினால் விகிதம் 25, வர்க்கம் 625, 8 ஓமால் பெருக்கினால் 5000. 1 வோல்ட்டுக்கு மாறாக 6 வோல்ட் கொடுத்தால் மறுபுறம் 150 வோல்ட் நிற்கும். கை பட்டால் உயிருக்கே ஊறு. சோதிக்கும்போது மறுபுற முனைகளை முதலில் மானியுடன் இணைத்து, அதன் பின்னரே மின்சாரத்தைச் செலுத்துக.